அளந்து பார்த்த பிறகே ஸ்பானரைத் தொடும் ஒரு கராஜ்

ஜேர்மனியின் ஹாகன் நகரத்தின் கிழக்குப் பகுதியில், லென்னே ஆற்றங்கரையில் இருக்கிறது ஹோகன்லிம்பூர்க். உருக்குத் தகடுகளைக் குளிர்நிலையில் உருட்டும் ஆலைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். அந்த ஆலைகளுக்குப் பின்னால், இரண்டு லிஃப்ட் மட்டுமே உள்ள ஒரு கராஜில்தான் என்னுடைய 1991ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ 525ஐ காரைச் சில வருடங்களாகப் பராமரித்து வருகிறேன். உரிமையாளர் தொழிலின் உயர் தகுதியான மைஸ்டர் பட்டம் பெற்ற மெக்கானிக், அறுபதைத் தாண்டியவர். உதவிக்குத் தொழில் பயிலும் ஓர் இளம்பெண் இருக்கிறார். கையில் இருக்கும் வேலையே போதும், கராஜின் பெயரைப் போட வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் இங்கே அவரை மைஸ்டர் என்றே குறிப்பிடுகிறேன். பழைய ஜேர்மன் கார் வைத்திருக்கும் நம்மவர்கள் இப்பகுதியில் அதிகரித்து வருகிறார்கள். நல்ல வேலை எப்படி இருக்கும் என்பதை அவர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் காரைப் பற்றிக் கொஞ்சம். ஈ34 என்று அழைக்கப்படும் இந்த ஐந்தாம் வரிசைக் கார் 1988இல் வந்தது. டிங்கோல்ஃபிங் தொழிற்சாலையிலிருந்து 13 இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் வெளியேறின. என்னுடையதில் இருப்பது எம்50 என்ற ஆறு சிலிண்டர் எஞ்சின்: இரண்டரை லீற்றர், 24 வால்வு, 192 குதிரைவலு, ஐந்து கியர், கையால் மாற்றுவது. 1990இல் இந்த எஞ்சின் வருவதற்கு முன்பு 525ஐயில் இருந்த எம்20 எஞ்சினில் டைமிங் பெல்ட் உண்டு. அது ஓட்டத்தில் அறுந்தால் வால்வுகள் வளைந்துவிடும். எம்50இல் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி. வால்வு இடைவெளியும் எண்ணெய் அழுத்தத்தால் தானாகவே சரியாகிக்கொள்ளும். ஆகவே சேர்விஸில் எஞ்சினுக்குள் கைவைக்க வேண்டிய வேலை மிகக் குறைவு. கார்ஹிங்கில் கையால் பூட்டப்பட்ட எம்5 காரின் எஞ்சினுக்கு வால்வு இடைவெளியைச் சிறு தகடுகள் வைத்துச் சரிசெய்ய வேண்டும். அந்தக் கணக்கே வேறு. விரைவாக ஓடும் பழைய ஜேர்மன் காரை ஒரு சாதாரணச் சம்பளத்தில் நல்ல நிலையில் வைத்திருக்க ஆசைப்படும் எவருக்கும் நான் சொல்லும் முதல் பெயர் 525ஐதான்.

நான் அந்தக் கராஜைத் தேடிப் போகக் காரணம் ஒரு நடுக்கம். மணிக்கு 80 கிலோமீற்றரைத் தாண்டியதும் ஸ்டியரிங் இடமும் வலமுமாக நடுங்கத் தொடங்கும். 100ஐக் கடந்து கொஞ்ச தூரம் போனால் அடங்கிவிடும். இறக்கத்தில் பிரேக்கை மெதுவாக அழுத்தினால் திரும்பவும் வரும். அதற்கு முன் நான் போய்வந்த ஒரு பெரிய கராஜில் நான்கு சில்லுகளையும் சமநிலைப்படுத்தினார்கள். நடுக்கம் போகவில்லை. முன் பிரேக் தட்டுகளை மாற்றினார்கள். போகவில்லை. மீண்டும் சமநிலைப்படுத்தினார்கள். ஒவ்வொரு முறையும் பில் வந்தது; நடுக்கமும் கூடவே வந்தது. "பழைய கார், இப்படித்தான் இருக்கும்" என்று கடைசியில் கைவிரித்தார்கள். அந்தச் சொல்லை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. இந்தக் கார் புதிதாக இருந்தபோது அவுட்டோபான் அதிவேகப் பாதையில் 200க்கு மேல் நேராகப் போவதற்காகச் செய்யப்பட்டது. வயது ஆனதால் மட்டும் ஒரு கார் நடுங்குவதில்லை. எங்கோ ஒரு பாகம் தேய்ந்திருக்கும், அல்லது பொருந்தாமல் இருக்கும்.

மைஸ்டர் முதலில் சாவியை வாங்கிக்கொண்டு ஏ46இல் இஸர்லோன் பக்கம் தானே ஓட்டிப் பார்த்தார். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். 90இல் வைத்து ஸ்டியரிங்கை இரண்டு விரலால் மட்டும் பிடித்திருந்தார். திரும்பி வந்ததும் அவர் கையில் எடுத்தது ஸ்பானரை அல்ல, வேர்னியர் அளவுகோலை. சில்லுகளைக் கழற்றி நடுத்துளையை அளந்தார்: 74.1 மில்லிமீற்றர். பிறகு அச்சின் மையத்தை அளந்தார்: 72.6.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. காரை எனக்கு விற்றவர் பூட்டியிருந்த அலுமினியச் சில்லுகள் அடுத்த தலைமுறையான ஈ39 காருக்கு உரியவை. இரண்டிலும் ஐந்து போல்ட், 120 மில்லிமீற்றர் வட்டம். ஆகவே பூட்டினால் ஏறிவிடும். ஆனால் நடுத்துளை ஒன்றரை மில்லிமீற்றர் பெரியது. இடைவெளியை நிரப்பும் வளையம் போடாவிட்டால் சில்லு மையத்தில் உட்கார்வதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. முந்தைய கராஜில் சமநிலைப்படுத்தும் இயந்திரத்தில் சில்லு துல்லியமாகப் பொருந்தியது, காரில் பொருந்தவில்லை. எத்தனை முறை சமநிலை எடை ஒட்டினாலும் அந்தப் பிழை போகாது.

வளையம் போட்டால் முடிந்தது என்று வேறு யாராவது அனுப்பியிருப்பார்கள். மைஸ்டர் அனுப்பவில்லை. டயல் கேஜ் வைத்து அச்சையும் புதிய பிரேக் தட்டையும் மெதுவாகச் சுற்றி, கோணல் இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. பிறகு கடப்பாரை போன்ற கம்பியை முன்சில்லைத் தாங்கும் கைக்கு அடியில் கொடுத்து நெம்பினார். ஈ34இல் ஒவ்வொரு முன்சில்லையும் காரோடு பிணைப்பவை இரண்டு உலோகக் கைகள். ஒன்று குறுக்கே போகும், மற்றது சாய்வாகப் போகும். சாய்வுக் கையின் முனையில் உள்ள ரப்பர் புஷ்ஷுக்குள் அதிர்வை அடக்கத் திரவம் நிரப்பியிருக்கிறார்கள். என்னுடைய காரில் இரண்டு பக்கமும் ரப்பர் வெடித்து, திரவம் வழிந்து காய்ந்த கறை தெரிந்தது. பயிற்சிப் பெண்ணை அழைத்து விளக்கைப் பிடிக்கச் சொல்லி, அவருக்கும் எனக்கும் சேர்த்தே காட்டினார்.

ஏன் குறிப்பிட்ட அந்த வேகத்தில் மட்டும் நடுங்குகிறது என்று கேட்டேன். 90 கிலோமீற்றர் வேகத்தில் சில்லு விநாடிக்கு ஏறத்தாழ 12, 13 முறை சுற்றுகிறது. புஷ் தளர்ந்த முன்னச்சின் இயல்பான ஆட்டமும் அந்த அளவில்தான் இருக்கிறது. இரண்டும் சந்திக்கும்போது சிறு பிழையும் பெரிதாகிறது என்றார். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் விரலால் தொட்டாலே உயரப் போவதுபோல. பள்ளியில் படித்த ஒத்ததிர்வை அறுபது வயது மெக்கானிக் ஒருவர் எண்ணெய்க் கையோடு விளக்கியதைக் கேட்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. என் காரைப் பற்றி ஒருவர் என்னிடம் காரணத்தோடு பேசியது அதுவே முதல் தடவை.

எதைப் போடுவது என்பதை முடிவுசெய்ய வேண்டியவன் நான் என்றார். தொழிற்சாலையில் போட்டதுபோலத் திரவம் நிரப்பிய புஷ் ஒரு வழி. பன்னிரண்டு சிலிண்டர் 750ஐஎல் காருக்குச் செய்யப்பட்ட, அதே இடத்தில் பொருந்தும் கெட்டி ரப்பர் புஷ் இன்னொரு வழி. முதலாவது மென்மை, இரண்டாவது நீடித்து உழைக்கும், ஆனால் கல் பதித்த தெருவில் தட்டல் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். நான் இரண்டாவதைக் கேட்டேன். அவர் சொன்னபடியே பழைய நகரத் தெருக்களில் தட்டல் கேட்கிறது. அவுட்டோபானில் கார் கோடு போட்டதுபோலப் போகிறது. எனக்கு அதுவே வேண்டியது.

இந்த வேலையில் பலர் தவறவிடும் ஓர் இடம் இருக்கிறது. புஷ்ஷின் போல்ட்டைக் கார் லிஃப்டில் தொங்கும்போது இறுக்கிவிட்டால், தரையில் இறங்கியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே வேலைசெய்யும்; சீக்கிரமே கிழியும். ஆகவே கடைசி இறுக்கம் காரின் எடை சில்லுகளின் மீது இருக்கும்போதுதான். பி.எம்.டபிள்யூ அதற்கென்று எடைகளையே குறித்திருக்கிறது: இருக்கைகளில் 68 கிலோ எடைகள், டிக்கியில் 21 கிலோ, நிரம்பிய பெற்றோல் தாங்கி. மைஸ்டரிடம் இதற்காகவே நிறுத்து வைத்த மணல் மூட்டைகள் இருக்கின்றன. அவற்றை ஏற்றி, அதன் பிறகு இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரென்சால் இறுக்கினார். சில்லுகளின் கோணத்தைச் சரிசெய்தபோதும் மூட்டைகள் உள்ளேயே இருந்தன. நீங்கள் போகும் கராஜில் இதைக் கேட்டுப் பாருங்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஸ்டியரிங்கின் நடுவில் இருந்த சிறு தளர்வையும் அவர் அவசரமாகத் தொடவில்லை. இந்தக் காரில் இருப்பது பல்சட்டம் அல்ல, கோளங்கள் உருளும் பழைய வகைப் பெட்டி. மேலே உள்ள திருகை முறுக்கித் தளர்வைக் குறைக்கப் பலர் ஆசைப்படுவார்கள். அவர் பெட்டியை விட்டுவிட்டு மறுபக்கத் துணைக்கையின் புஷ்ஷை மாற்றினார். மலிவான பாகம். தளர்வு போய்விட்டது.

குளிர்விப்பு முறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எம்50 எஞ்சினைக் கொல்வது கிலோமீற்றர் அல்ல, வெப்பம். இரும்புக் கட்டையின் மீது அலுமினியத் தலை உட்கார்ந்திருக்கிறது. ஒரு தடவை நன்றாகச் சூடேறினால் தலை வளைந்துவிடும். அதைத் தடுக்க வேண்டிய பாகங்களில் பாதி பிளாஸ்டிக். ரேடியேற்றரின் கழுத்து வயதாக ஆக மண்ணிறமாகி, கைபட்டாலே உடையும் அளவுக்கு நொறுங்கலாகிறது. அக்காலத்துத் தண்ணீர்ப் பம்புகள் சிலவற்றில் உள்ளே சுழலும் விசிறியும் பிளாஸ்டிக்தான். அது வெடித்து அச்சிலிருந்து கழன்றால் பம்ப் சுற்றும், தண்ணீர் ஓடாது. வெளியே ஒரு துளி ஒழுக்கும் தெரியாது.

ஒவ்வோர் ஆண்டும் குடும்பத்தோடு ஹாம் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குப் போகிறோம். கோடை வெயிலில், கோயில் இருக்கும் ஊன்ட்ரொப் பகுதியை நெருங்கும்போது வாகனங்கள் ஊர்ந்துதான் போகும். அங்கே எஞ்சினைக் காப்பது ரேடியேற்றருக்குப் பின்னால் சுழலும் விசிறியும் அதன் விஸ்கோ இணைப்பும். சூடேறும்போது அந்த இணைப்பு இறுகி விசிறியை வேகமாகச் சுழற்ற வேண்டும். என்னுடையது இறுகவில்லை என்பதை மைஸ்டர் வேறு வேலைக்குக் கார் வந்தபோதே கண்டுபிடித்துச் சொன்னார். சூடான எஞ்சினை நிறுத்திவிட்டு விசிறியைக் கையால் சுற்றிக் காட்டினார். தடையே இல்லாமல் சுழன்றது. பம்ப், தேர்மோஸ்டாட், ரேடியேற்றர், விஸ்கோ, குழாய்கள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றும்படி சொன்னார். பில் பெரிதுதான். ஆனாலும் ஒவ்வொன்றாக மாற்றினால் ஒவ்வொரு தடவையும் கூலன்டை இறக்கி ஏற்ற வேண்டும்; கூலியே பாகத்தின் விலையைத் தாண்டிவிடும். புதிய பம்பின் விசிறி உலோகம். வீட்டிலேயே செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: விஸ்கோவைப் பிடித்திருக்கும் 32 மில்லிமீற்றர் நட்டின் மரை இடக்கை மரை. வழக்கமான பக்கம் திருப்பினால் கழலாது, இறுகும்.

கூலன்ட் நீல நிற ஜி48. ஊற்றும்போது உட்புறச் சூடாக்கியை முழுவதும் திறந்து வைத்து, மேலே உள்ள சிறு திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை பொறுமையாக ஊற்ற வேண்டும். பயிற்சிப் பெண்ணை அவர் இந்த வேலையில் தனியாக விட்டிருந்தார். அந்தப் பெண் அவசரப்படவே இல்லை. கடைசித் தேருக்குப் போனபோது வெப்பமானியின் முள் நடுவிலிருந்து அசையவில்லை.

எண்ணெய் ஒழுக்குகள் இரண்டு இருந்தன, இரண்டும் இந்த எஞ்சினுக்குப் பழகியவை. வால்வு மூடியின் கஸ்கெட் கெட்டியாகி, எண்ணெய் தீப்பொறிப் பிளக் குழிகளுக்குள் இறங்கியிருந்தது. ஒவ்வொரு பிளக்கின் மீதும் தனித்தனி இக்னிஷன் கொயில் உட்கார்ந்திருப்பதால் எண்ணெய் ஊறினால் எஞ்சின் துடிப்பு தவறும். பல இடங்களில் உடனே கொயிலை மாற்றிவிடுவார்கள். இங்கே கொயில்களைத் துடைத்து, சோதித்து, அவற்றையே திரும்பப் போட்டார்கள். மற்றது எண்ணெய் வடிகட்டிக் கூட்டுக்கும் எஞ்சினுக்கும் இடையே உள்ள கஸ்கெட். சில யூரோ பெறுமதியான பொருள். அது ஒழுகினால் கீழே இருக்கும் அல்டர்நேற்றருக்கும் சேதம்.

சேர்விஸ் விளக்குகளைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. ஐந்து பச்சை, ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு. கார் எப்படி ஓட்டப்படுகிறது என்பதைக் கணக்கிட்டுப் பச்சைகள் ஒவ்வொன்றாக அணையும். தினமும் ஓடிய காலத்தில் அது நல்ல ஏற்பாடு. வருடத்தில் சில ஆயிரம் கிலோமீற்றர் மட்டும் ஓடும் காருக்கு அதை மட்டும் நம்பக் கூடாது, எண்ணெய்க்கும் வயதாகிறது. மைஸ்டர் எண்ணெயை ஆண்டுக்கு ஒரு முறையும் பிரேக் திரவத்தை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் மாற்றுகிறார். விளக்கு என்ன சொன்னாலும் சரி.

உதிரிப்பாகங்களைப் பொறுத்தவரை இந்தக் காரின் உரிமையாளர்கள் பாக்கியசாலிகள். பி.எம்.டபிள்யூவின் ஒவ்வொரு பாகத்துக்கும் பதினொரு இலக்க எண் உண்டு. முதல் இரண்டு இலக்கங்கள் எந்தப் பிரிவு என்று சொல்லும்: 11 எஞ்சின், 17 குளிர்விப்பு, 31 முன்னச்சு, 34 பிரேக். கடைசி ஏழு இலக்கங்களைச் சொன்னாலே எந்த விற்பனை நிலையத்திலும் தேடித் தருவார்கள். முன்னச்சுக் கைகளை லெம்ஃபோர்டர் நிறுவனத்தின் பெட்டியில் வாங்கினால், பி.எம்.டபிள்யூ முத்திரை இருந்த இடம் மட்டும் அரைத்து அழிக்கப்பட்ட அதே பாகம் வருவதுண்டு, விலை குறைவு. மைஸ்டர் எங்கே மலிவு பார்க்கலாம், எங்கே கூடாது என்பதை வெளிப்படையாகச் சொல்கிறார். ரப்பரும் தண்ணீர்ப் பம்பும் மலிவில் வேண்டாம். வடிகட்டிகளுக்கு நல்ல பெயருள்ள எந்த நிறுவனமும் போதும். நாமே இணையத்தில் வாங்கிவரும் பாகத்தை அவர் பூட்ட மாட்டார். அது அவருடைய பொறுப்புக்கு வெளியே என்கிறார். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

குறைகளும் இருக்கின்றன. பகலில் தொலைபேசியை எடுப்பதில்லை. வசந்த காலத்தில், பழைய கார்கள் எல்லாம் குளிர்காலத் தூக்கத்திலிருந்து வெளியே வரும் நேரத்தில், பல வாரம் காத்திருக்க வேண்டும். அட்டையில் பணம் வாங்குவதில்லை. காருக்கு அடியில் ஜாக்கி வைக்கும் இடங்கள் துருப்பிடிப்பது ஈ34இன் பெரிய நோய். ஆனால் வெல்டிங் வேலையை அவர் ஏற்பதே இல்லை, வேறு இடத்துக்கு அனுப்புகிறார். குளிரூட்டியையும் தொடுவதில்லை. 1991ஆம் ஆண்டுக் கார்களின் குளிரூட்டியில் இருந்தது ஆர்12 வாயு. இன்று அது இல்லை. ஆர்134ஏக்கு மாற்றக் குளிரூட்டி வேலையே செய்யும் ஒருவர் வேண்டும். இந்த இரண்டு வேலைக்காகவும் நான் வேறு வாசல்களைத் தட்ட வேண்டியிருந்தது. அவை எனக்கு உண்மையான சிரமம் தந்தன. ஒரே இடத்தில் எல்லாம் முடிய வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள்.

கூலி மணிக்கு 95 யூரோ. நோய் கண்டறியும் நேரத்துக்கும் அதே கூலி போடுகிறார். இதைக் குறையாகச் சிலர் சொல்வார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. நடுக்கத்துக்கு அவர் போட்ட கண்டறியும் கூலி, முந்தைய இடத்தில் நான் தேவையில்லாமல் வாங்கிய பிரேக் தட்டுகளின் விலையைவிடக் குறைவு. கழற்றிய பாகங்களை ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு பில்லோடு தருகிறார். எதற்காகப் பணம் கொடுத்தேன் என்பதைக் கையில் எடுத்துப் பார்க்கலாம்.

30 வயது முடிந்ததும் காருக்குப் பழமையான கார்களுக்கு உரிய எச் எண்தகடு வாங்கும் வேலையையும் அவரே ஒருங்கிணைத்தார். பரிசோதகர் கராஜுக்கே வந்தார். அசலான நிலையில் இருக்கிறதா, மாற்றங்கள் அந்தக் காலத்துக்கு உரியவையா என்று பார்த்தார். ஈ39 சில்லுகளை அதற்கு முன்பே கழற்றிவிட்டு, அந்தக் காலத்து 15 அங்குலச் சில்லுகளைத் தேடி வாங்கியிருந்தேன். இப்போது வருட வரி 191.73 யூரோ, நகரங்களின் சுற்றுச்சூழல் வலயங்களுக்குள்ளும் தடையில்லாமல் போகலாம்.

போக விரும்புகிறவர்களுக்கு: மாலை நான்கு மணிக்குப் பிறகு நேரில் போங்கள். இதற்கு முன் எங்கே, என்ன மாற்றப்பட்டது என்ற பில்களை எடுத்துச் செல்லுங்கள்; முதலில் கேட்பது அவற்றைத்தான். நடுக்கமோ சத்தமோ இருந்தால் எந்த வேகத்தில், சூடாக இருக்கும்போதா குளிராக இருக்கும்போதா, பிரேக் பிடிக்கும்போதா என்று குறித்து வையுங்கள். அடுத்த நாளே கார் தேவைப்படுகிறவர்கள் வேறு இடம் பாருங்கள். எனக்கு இனி மிஞ்சியிருப்பது பின்சில்லுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் உந்துதண்டின் ரப்பர் இணைப்புத் தட்டும் நடுத்தாங்கியும். தட்டில் மயிர்க்கோடாக வெடிப்புகள் தொடங்கியிருக்கின்றன என்று போன தடவை விளக்கடித்துக் காட்டினார். இந்தக் குளிர்காலத்தில், வரிசை குறைவாக இருக்கும்போது, இரண்டையும் சேர்த்து மாற்றச் சொல்லியிருக்கிறேன்.